போட்ட கையெழுத்தும் போடாத கையெழுத்தும்

ஓபன்ஏஐ, 2023 நவம்பர் முதல் 2024 செப்டம்பர் வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். முதல் வேலைக்குப் போகவிருக்கும் பட்டதாரிகளுக்கு நியமன உத்தரவை வரிவரியாகப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறையில் 27 ஆண்டுகள் இருந்தவன் என்பதுதான் இதற்கு எனக்குள்ள தகுதி. வருகிற பிள்ளைகள் பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கத்தவர்கள். பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பெங்களூரு பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவுதான் என்பதால் எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கமே இருக்கிறது.

ஒருநாள் பர்கூர்ப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். "சார், ஓபன்ஏஐ நிறுவனத்தில் தலைவரை நீக்கியபோது 700 பேருக்கு மேல் 'அவர் இல்லாவிட்டால் நாங்களும் போய்விடுவோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே? அப்படியென்றால் அவர் எவ்வளவு நல்ல தலைவராக இருந்திருக்க வேண்டும்!"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதை முழுமையாக ஆராய்ந்து எழுதியதே இது.

அறக்கட்டளையின் கீழ் ஒரு கம்பெனி

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2015 டிசம்பரில் லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவின் பயன் மனிதகுலம் முழுவதற்கும் சேர வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். கணினிச் செலவு பெருகவே, 2019இல் அதன் கீழ் லாபம் ஈட்டும் துணை நிறுவனம் ஒன்று உருவாக்கப்பட்டது. முதலீட்டாளர் பெறக்கூடிய லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் படிப்படியாக ஏறத்தாழ 1,300 கோடி டாலர் தர முன்வந்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே லாப நோக்கமற்ற அமைப்பின் இயக்குநர் குழுதான் இருந்தது. கோயில் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் ஒரு பெரிய வணிக வளாகம் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடை எடுத்தவரும் பணம் போட்டவரும் எத்தனை பெரிய ஆளானாலும், இறுதி முடிவு அறங்காவலர்களுடையது.

இந்தக் குழுவில் 2023 தொடக்கத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த ஆண்டுக்குள் மூவர் விலகினார்கள், காலியிடங்கள் நிரப்பப்படவில்லை. மிஞ்சிய ஆறு பேர்: தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மன், குழுத் தலைவர் கிரெக் பிராக்மன், தலைமை விஞ்ஞானி இலியா சுட்ஸ்கேவர், வெளியிலிருந்து ஆடம் டி'ஏஞ்சலோ, ஹெலன் டோனர், டாஷா மெக்காலி. ஒன்பது பேர் இருந்திருந்தால் பெரும்பான்மைக்கு ஐந்து பேர் வேண்டும். ஆறு பேர் என்பதால் நான்கு போதுமானதாயிற்று. உலகமே பேசிய ஒரு நீக்கம் சாத்தியமானதற்கு நிரப்பப்படாத மூன்று நாற்காலிகளும் காரணம். இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். நிர்வாகத்தில் காலியிடம் என்பது சும்மா கிடப்பதில்லை, அது அதிகாரத்தின் எடையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஐந்து நாட்கள்

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, கலிஃபோர்னியாவில் நண்பகல். இங்கே சனிக்கிழமை பின்னிரவு ஒன்றரை மணி. காணொளி அழைப்பில் ஆல்ட்மனிடம் அவர் நீக்கப்பட்டதைச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்டுக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் தெரிந்தது. இயக்குநர் குழுவுடனான தொடர்புகளில் அவர் எப்போதும் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ளவில்லை என்பதே வெளியிட்ட அறிக்கையின் சாரம். என்ன மறைத்தார், எப்போது மறைத்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. பிராக்மன் அன்றே விலகினார். தொழில்நுட்பத் தலைவராக இருந்த மீரா மூராட்டி இடைக்காலப் பொறுப்பேற்றார்.

ஞாயிறு இரவு மூராட்டிக்குப் பதிலாக, ட்விட்ச் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் எம்மெட் ஷியர் அறிவிக்கப்பட்டார். சில மணி நேரத்தில், ஆல்ட்மனும் பிராக்மனும் மைக்ரோசாஃப்டில் சேர்கிறார்கள் என்று அதன் தலைவர் சத்யா நாதெள்ளா அறிவித்தார். திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நீக்கத்துக்கு ஆதரவளித்த சுட்ஸ்கேவரும் தன் செயலுக்கு வருந்துவதாகச் சொல்லி அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய் இரவு ஆல்ட்மன் திரும்புவது முடிவானது. டோனரும் மெக்காலியும் சுட்ஸ்கேவரும் குழுவை விட்டு வெளியேற, பிரெட் டெய்லரும் லாரி சம்மர்ஸும் உள்ளே வந்தார்கள்.

700 கையெழுத்துகளின் விலை

ஒரு கையெழுத்தை மதிப்பிட நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: போட்டவர் இதற்காக எதை இழக்கத் தயாராக இருந்தார்?

ஓபன்ஏஐ கடிதத்தின் உள்ளேயே பதில் இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் வேலை உண்டு என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தந்திருக்கிறது என அவர்கள் எழுதியிருந்தார்கள். ஆக, போகிற இடம் தயார். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஊழியர்கள் தங்கள் பங்குகளை விற்க ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நிறுவனத்தை 8,600 கோடி டாலராக மதிப்பிட்டு, அந்தக் கணக்கில் பங்குகளை வாங்கிக்கொள்ள முதலீட்டாளர்கள் முன்வந்திருந்தார்கள். நிறுவனம் சிதறினால் அந்த விற்பனையும் சிதறிவிடும். பல ஊழியர்களுக்கு அது வீடு வாங்கும் பணம், பிள்ளைகளின் எதிர்காலம்.

அவர்கள் பணத்துக்காகவே கையெழுத்திட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆல்ட்மன் மீது மெய்யான பற்றுள்ளவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். ஆனால் பற்றும், பயமும், பக்கத்து மேசைக்காரர் போட்டுவிட்டார் என்ற நெருக்கடியும், பங்குப் பணமும் ஒரே மையில் கலந்துவிட்ட கடிதம் அது. அதிலிருந்து தலைவரின் குணத்தை மட்டும் தனியே பிரித்து எடுக்க முடியாது.

இயக்குநர் குழு தோற்றதற்கு ஆல்ட்மனின் செல்வாக்கைவிட அவர்களுடைய மௌனமே பெரிய காரணம் என்பது என் முடிவு. 2025 அக்டோபரில், ஈலான் மஸ்க் தொடுத்த வழக்கில் சுட்ஸ்கேவர் வாக்குமூலம் அளித்தார். ஆல்ட்மன் பற்றிய குற்றச்சாட்டுகளை 52 பக்கக் குறிப்பாக எழுதி, வெளி இயக்குநர்களுக்கு மட்டும் அனுப்பியதாக அதில் சொன்னார். அதன் ஆதாரங்களில் பெரும்பகுதி மூராட்டியிடமிருந்து வந்தது என்பதும் அப்போது வெளிப்பட்டது. நீக்கிய நான்கு பேர் கையில் 52 பக்கம் இருந்தது. 770 பேருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. நான் அந்த ஊழியர்களில் ஒருவனாக இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். முகம் தெரிந்தவரை, காரணம் தெரியாமல் ஒருவர் வெளியே தள்ளினால், தள்ளியவர் மீதுதான் சந்தேகம் வரும்.

பிறகு ஒரு சட்ட நிறுவனம் விசாரித்தது. 2024 மார்ச்சில் முடிவு வந்தது: நம்பிக்கை முறிந்ததால் நேர்ந்த நீக்கம் இது, நீக்கியே ஆக வேண்டிய அளவுக்கு அவர் நடத்தை இல்லை. ஆல்ட்மன் இயக்குநர் குழுவுக்கும் திரும்பினார். அந்த ஆண்டு மே மாதம், சாட்ஜிபிடி வெளியானதையே இயக்குநர்கள் ட்விட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று டோனர் பேட்டியளித்தார். இந்த ஒரு செய்தியை 2023 நவம்பர் 17 அன்றே ஊழியர்களிடம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பேனாவை எடுக்கும் முன் யோசித்திருப்பார்கள்? காலம் தாழ்ந்து வந்த உண்மைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கையெழுத்துப் போடாத ஒருவர்

என் ஆய்வின் மையம் இனிமேல்தான்.

மனிதனைவிட அறிவு மிகுந்த கணினிகளைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று ஆராய 2023 ஜூலையில் ஓபன்ஏஐ ஒரு குழு அமைத்தது. அதுவரை திரட்டிய கணினித் திறனில் 20 சதவீதம் அந்தக் குழுவுக்கு என்று அறிவித்தார்கள். சுட்ஸ்கேவரும் யான் லைக்கியும் அதன் தலைவர்கள். 2024 மே மாதம் இருவரும் ஒரே வாரத்தில் விலகினார்கள், குழு கலைக்கப்பட்டது. போகும்போது லைக்கி வெளிப்படையாகவே எழுதினார்: பளபளப்பான தயாரிப்புகளுக்கு முன்னால் பாதுகாப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது, ஆராய்ச்சிக்கு வேண்டிய கணினித் திறன் கிடைக்கவே போராட வேண்டியிருந்தது. பிறகு அவர் ஆந்த்ரோபிக்கில் சேர்ந்தார். அதுவும் ஓபன்ஏஐயிலிருந்து வெளியேறியவர்கள் 2021இல் தொடங்கிய நிறுவனம்தான்.

அவர்கள் இருவரும் விலகிய அதே வாரம், வோக்ஸ் என்ற அமெரிக்கச் செய்தித் தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. ஓபன்ஏஐயை விட்டுப் போகிறவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் குறை சொல்லக் கூடாது. அப்படியோர் ஒப்பந்தம் இருப்பதையே வெளியில் சொல்லக் கூடாது. 60 நாட்களுக்குள் கையெழுத்திடாவிட்டால், வேலை செய்து ஏற்கெனவே ஈட்டிவிட்ட பங்குகளும் பறிபோகலாம்.

இதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து ஆண்டு வேலை செய்து கிராஜுவிட்டிக்குத் தகுதியாகிவிட்ட ஒருவரிடம், "கம்பெனியைப் பற்றி ஆயுளுக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் அந்தப் பணம் கிடையாது" என்று சொல்வதற்குச் சமம் இது. அப்படி ஒரு காகிதத்தை என் மேசைக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

டேனியல் கொகோடைலோ என்ற ஆராய்ச்சியாளர் 2024 ஏப்ரலில் விலகியபோது அதில் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் பணயம் வைத்த பங்குகளின் மதிப்பு சுமார் 17 லட்சம் டாலர், குடும்பச் சொத்தில் ஏறத்தாழ 85 சதவீதம். போகிற இடத்தில் எந்தப் பெரிய நிறுவனமும் அவருக்கு வேலை உறுதி தந்து காத்திருக்கவில்லை. பர்கூர்ப் பையனின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இழக்க ஒன்றுமில்லாமல் போட்ட 700 கையெழுத்துகளைவிட, எல்லாவற்றையும் இழக்கக்கூடும் என்று தெரிந்தும் போடாமல் விட்ட ஒரு கையெழுத்து அந்த நிறுவனத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

செய்தி வந்ததும் ஆல்ட்மன், இப்படியொரு விதி இருந்தது தனக்குத் தெரியாது, வெட்கப்படுகிறேன், யாருடைய பங்கையும் நாங்கள் பறித்ததில்லை என்றார். விதிக்கு அடிப்படையான ஆவணங்களில் 2023 ஏப்ரல் தேதியிட்டு அவருடைய கையெழுத்து இருப்பதை வோக்ஸ் எழுதியது. சில நாட்களிலேயே நிறுவனம் முன்னாள் ஊழியர்களை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. கொகோடைலோவின் பங்குகளும் தப்பின. ஜூன் 4 அன்று, ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டு, ஓபன்ஏஐயிலும் கூகுள் டீப்மைண்டிலும் இருந்த, இருக்கிற 13 பேர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சிலர் பெயரை மறைத்துக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. செப்டம்பர் 25 அன்று மூராட்டியும், ஆராய்ச்சித் தலைவர் பாப் மெக்ரூவும், துணைத் தலைவர் பாரெட் ஸோஃபும் ஒரே நாளில் விலகினார்கள்.

"சொந்தக் காரணங்களுக்காக"

ஓசூரில் என் மேசைக்கு வந்த ராஜினாமாக் கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான் இருக்கும்: சொந்தக் காரணங்களுக்காக. நான் முத்திரை குத்திக் கோப்பில் வைப்பேன். ஒருமுறை வெல்டிங் பிரிவில் நான்கு மாதத்தில் 11 பேர் அப்படிப் போனார்கள். பெங்களூரில் கூலி அதிகம், அதனால் போகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஏழெட்டு ஆண்டு கழித்து அவர்களில் ஒருவரைக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் பார்த்தேன். புகை போக்கி வேலை செய்யவில்லை, சொன்னவர்களை மேற்பார்வையாளர் இரவு முறைக்கே போட்டார் என்று சொன்னார். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "கணக்கு முடிந்து பணம் கைக்கு வரவேண்டுமே, சார்" என்றார். அவரைத் தடுக்க எங்களிடம் ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. செட்டில்மென்ட் தாமதமாகும் என்ற பயம் மட்டுமே போதுமானதாக இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் எனக்குள் இருக்கிறது.

இரண்டு ஆண்டுக்கு முன் அதே கதையின் புதிய வடிவத்தைப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு சிறு நிறுவனம், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரும் படங்களுக்கு லேபிள் போடும் வேலை. சாலைப் படத்தில் லாரி எது, மாடு எது, கடக்கிற மனிதர் யார் என்று பெட்டி வரைந்து குறிக்க வேண்டும். சுமார் 40 பேர், அதிகமும் பெண்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மேலாளரை அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வேறொருவர் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. தினசரி முடிக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினார்கள். ஒரு மாதத்தில் பத்துப் பேருக்கு மேல் போக நினைத்தார்கள். போக முடியவில்லை. சேரும்போதே எல்லோருடைய அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து அழுதாள். "டிகிரி சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கேட்டால் 50,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள், மாமா. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?"

கொகோடைலோவின் 17 லட்சம் டாலரும் இந்தப் பெண்ணின் 50,000 ரூபாயும் ஒன்றல்ல. அவருக்கு நிலைமையைப் பத்திரிகையிடம் சொல்லும் வசதியும், கேட்கும் உலகமும் இருந்தன. இவளுக்கு அவை இல்லை. பூட்டு மட்டும் ஒன்றுதான்: உனக்கு ஏற்கெனவே சொந்தமான ஒன்று என் கையில் இருக்கிறது, ஆகவே பேசாதே.

1872

சட்டம் இந்த இரண்டு பேரையும் எதிர்பாராத வகையில் இணைக்கிறது. கலிஃபோர்னியாவில் ஊழியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அந்த விதி 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872தான். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. இரண்டுக்கும் மூலம், நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் தயாரித்த வரைவு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆட்கள் சுலபமாக இடம் மாறுவதற்கும், நம் பிள்ளைகள் நாளை போட்டிக் கம்பெனியில் சேர்வதற்கும் ஒரே வேர்.

ஆனால் அந்த வேர் எல்லாவற்றுக்கும் காப்பு ஆகாது. குறைந்தபட்சக் காலம் வேலை செய்யாவிட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு, வெளியேறிய பின்னான தடை வேறு என்பது அதன் வாதம். எனவே 'பாண்டு செல்லாது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள். சான்றிதழ் விஷயம் வேறு. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தர வேண்டும். கலிஃபோர்னியாவும் 2025 செப்டம்பரில், பேராபத்தைப் பற்றி எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு ஊழியர்களைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. கொகோடைலோ கேட்டதில் ஒரு பகுதி அது.

இன்னொரு வகைப் போக்கையும் குறிக்க வேண்டும். 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் செய்த விண்ட்சர்ஃப் என்ற நிறுவனத்தின் தலைவரையும் சில ஆராய்ச்சியாளர்களையும் கூகுள் எடுத்துக்கொண்டு, உரிமக் கட்டணமாகச் சுமார் 240 கோடி டாலர் தந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மற்ற ஊழியர்கள் தலைவர் இல்லாத அலுவலகத்தில் நின்றார்கள். திங்களன்று காக்னிஷன் என்ற நிறுவனம் மிச்சத்தை வாங்கி, அவர்களுக்கும் பங்குப் பலன் உண்டு என்று அறிவித்த பிறகே மூச்சு வந்தது. ஊழியர் தலைவருக்காகக் கையெழுத்திடலாம். தலைவர் ஊழியருக்காக என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நடந்தது

அந்தப் பெண்ணுடன் நான் லேபிள் நிறுவனத்துக்குப் போனேன். உரிமையாளர் கெட்டவர் இல்லை. பெங்களூரிலிருந்து வரும் ஒப்பந்த வேலை நின்றுவிடும் என்ற பயத்தில் இருந்தார். பழைய மேலாளரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தர மதிப்பெண்ணைத் திருத்திக் காட்டினார் என்றார். "இதை அந்த 40 பேரிடம் சொன்னீர்களா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. சான்றிதழைப் பிடித்து வைப்பதன் சட்டச் சிக்கலை விளக்கினேன். மூன்று நாள் கழித்து, எல்லோருடைய சான்றிதழ்களையும் பெயர் எழுதிய உறைகளில் திருப்பித் தந்தார். பலர் போய்விடுவார்கள் என்று பயந்தார். நான்கு பேர் போனார்கள்.

அவர் கேட்டுக்கொண்டபடி விலகல் படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சம்பளப் பாக்கி, பி.எஃப்., ரிலீவிங் லெட்டர் எல்லாம் கொடுத்து முடித்ததாக நிறுவனம் கையெழுத்திட வேண்டிய பகுதி மேலே. 'ஏன் போகிறீர்கள்?' என்ற பகுதி கீழே, அரைப் பக்கம் காலியாக. மேல் பகுதி முடிந்த பிறகே கீழ்ப் பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. எங்கள் தெருப் பெண் நிரப்பிய படிவத்தை உரிமையாளர் எனக்குக் காட்டினார். அரைப் பக்கம் போதாமல் பின்புறமும் எழுதியிருந்தாள்.

பர்கூர்ப் பையனுக்குப் போன வாரம் பெங்களூரில் ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்திலிருந்து நியமன உத்தரவு வந்திருக்கிறது. 14 பக்கம். வேலை உறுதியானதும் எல்லோரும் செய்வதுபோலச் சம்பளப் பக்கத்தை எனக்குக் காட்டத்தான் வந்தான். நான் பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன். விலகல் விதிகள் அங்கேதான் தொடங்குகின்றன. வரும் ஞாயிறு அவற்றை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிக்கப் போகிறோம். அதுவரை கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.